நிக்கோடின் சூயிங்கம்: உங்களுக்கு உதவியது அப்பாவுக்கும் மகனுக்கும் உதவுமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். கல்லூரி நாட்களில் பிடித்துக்கொண்ட சிகரெட் 41 வயது வரை கூடவே வந்தது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மி.கி. நிக்கோடின் சூயிங்கத்தின் துணையோடு சிகரெட்டை விட்டார். அதன்பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் சூயிங்கத்தை விட முடியவில்லை. தினமும் எட்டு முதல் பத்து வரை மெல்கிறார். "மெல்லாவிட்டால் கூட்டல் கழித்தல்கூடத் தப்புகிறது. வாயில் போட்ட சிறிது நேரத்தில் மூளை தெளிந்துவிடுகிறது. இதைக் கெடுதல் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்கிறார். தூக்கம் சரியில்லை, படபடப்பு இருக்கிறது, அதற்காக இரவிலும் ஒன்று மெல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார். தினமும் ஐந்து காபி. மனைவி, "சிகரெட்டும் இதுவும் ஒரே விஷம்தான்" என்று சொல்லிப் பொங்கலுக்குள் நிறுத்தும்படி கெடு வைத்திருக்கிறார்.

அவருடைய தந்தைக்கு 70 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அண்மையில் நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், தொடக்க நிலையில் இருப்பதாகக் கண்டறிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இளமையில் புகையிலைத் தோட்டங்களில் உழைத்தவர். ஆனால் புகைத்ததும் இல்லை, புகையிலை போட்டதும் இல்லை. நிக்கோடின் பார்க்கின்சனையும் மறதி நோயையும் தடுக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்த வாசகர், தந்தைக்குத் தினம் இரண்டு சூயிங்கம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். "செடியிலிருந்து வரும் இயற்கையான பொருள்தானே? கத்தரிக்காயிலும் இருக்கிறதாமே? அப்பாவின் உடம்புக்குப் புகையிலை புதிதும் இல்லை" என்பது அவர் வாதம்.

மூன்றாவது, பிளஸ் டூ படிக்கும் 17 வயது மகன். அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "பரீட்சைக்கு முன் எனக்கும் ஒன்று தருகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பில் சில பையன்கள் கவனம் கூடுவதற்காக 'கூல் லிப்' என்ற சிறு புகையிலைப் பொதியை உதட்டுக்குள் வைத்துக்கொள்வதாகவும் சொன்னானாம். "வெளியில் கண்டதைப் போடுவதைவிட, வீட்டில் மருந்துக்கடைப் பொருளில் ஒன்று கொடுப்பது மேல் அல்லவா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

விளக்கத்துக்கு முன் விடையைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கூடாது, ஒன்றே ஒன்றுகூடக் கூடாது. தந்தைக்கு வேண்டாம். உங்களைப் பொறுத்தவரை, கையில் இருக்கும் அட்டையை இன்றே குப்பையில் எறிய வேண்டாம். ஒழுங்காகக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடலாம். ஒரே பொருள், ஒரே வீடு, மூன்று பேருக்கு மூன்று விதமான பதில். நிக்கோடின் நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு, எந்த வயதில், எந்த வடிவில், எதற்குப் பதிலாக என்று கேட்டால்தான் கிடைக்கும்.

சிகரெட்டும் சூயிங்கமும் ஒன்றா?

இதை உங்கள் மனைவியும் படிக்க வேண்டும். அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிகரெட் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தார் நுரையீரலைக் கெடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தை வாட்டுகிறது. புகைப்பவரைக் கொல்பவை பெரும்பாலும் இவைதான். நிக்கோடின் செய்யும் வேலை வேறு: அந்தப் புகையிடம் மனிதனைத் திரும்பத் திரும்ப வரவழைப்பது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலைப் புகையையும் மெல்லும் புகையிலையையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. நிக்கோடினை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிகளில் நிக்கோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அசிடைல்கோலின் என்ற நம் உடலின் சொந்தத் தூதுப்பொருளுக்கென்று அமைந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமினைச் சுரக்கவைக்கிறது. இந்த வேகத்தில்தான் அடிமைத்தனம் வேர்பிடிக்கிறது. சூயிங்கத்தில் இருப்பதும் அதே நிக்கோடின்தான். ஆனால் அது வாயின் உட்தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது. இரத்தத்தில் உச்ச அளவை எட்ட அரை மணி நேரம் ஆகும். 2 மி.கி.யில் ஏறத்தாழப் பாதிதான் உடலில் சேர்கிறது. அதனால்தான் இதை மருந்தாகப் பயன்படுத்த முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் நிக்கோடின் மாற்று சிகிச்சையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் 2022-ல் அது இடம்பெற்றது.

நீண்ட காலம் மென்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5887 புகைப்பழக்கக்காரர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நுரையீரல் நல ஆய்வில், நிக்கோடின் சூயிங்கம் மென்றவர்கள் இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது அதிகரிக்கவில்லை. ஆகவே உங்கள் கணவர் செய்திருப்பது ஒரு விஷத்தை விட்டு இன்னொரு விஷத்தைப் பிடித்த காரியம் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த சிகரெட்டை விட்டு, இரண்டு ஆண்டுகள் மறுபடி தொடாமல் இருப்பது எளிதன்று. எத்தனையோ பேர் மூன்றாம் நாளே தோற்றுப்போகிறார்கள். பொங்கல் கெடுவுக்குப் பயந்து அவர் ஒரே நாளில் நிறுத்தி, எரிச்சல் தாளாமல் டீக்கடையில் ஒரு சிகரெட் பற்றவைத்துவிட்டால், நீங்கள் இருவரும் சேர்ந்து சம்பாதித்ததெல்லாம் போய்விடும். கெடுவைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள்.

இதனால் சூயிங்கம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. நிக்கோடின் நாடித்துடிப்பைக் கூட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இன்சுலின் வேலை செய்வதற்கு இடையூறு செய்யும் என்பதால் சர்க்கரை நோய்க்கான குடும்பப் பின்னணி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பத்தில் வளரும் குழந்தையின் மூளைக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் செய்யும். விக்கல், நெஞ்செரிச்சல், தாடைவலி ஆகியவை சில்லறைத் தொல்லைகள். சிகரெட்டுக்குப் பதிலாக என்றால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். எதற்கும் பதிலாக இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு இவற்றை ஏற்க ஒரு காரணமும் இல்லை. அப்பாவையும் மகனையும் பற்றிய பதில் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

"மென்றால் மூளை தெளிகிறது"

நீங்கள் உணர்வது பொய் அல்ல. ஆனால் அதற்கு நீங்கள் கற்பிக்கும் காரணம் தவறு. நிக்கோடின் தொடர்ந்து கிடைத்தால் மூளையில் அதற்குரிய ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள நிக்கோடினோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். காலியாகக் கிடக்கும் ஏற்பிகள் கூச்சலிடுகின்றன: எரிச்சல், மந்தம், கணக்கில் பிழை. அப்போது ஒன்று மென்றால் நீங்கள் மற்றவர்களின் சாதாரண நிலைக்குத் திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கிய பணம் கைக்கு வந்ததும் வருமானம் கூடிவிட்டது என்று ஏட்டில் எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகைக்காதவர்களிடமும் நிக்கோடின் கவனத்தையும் குறுகிய கால நினைவையும் சிறிதளவு கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதைச் சொல்கிறது. அந்த விளைவு சிறியது, அந்த நேரத்துக்கானது. அதற்காக ஒருவரை அடிமைத்தனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதை எந்த மருத்துவரும் சிகிச்சை என்று சொல்ல மாட்டார்.

படபடப்பும் ஐந்து காபியும்

உங்கள் தூக்கக் குறைவுக்கு நிக்கோடின் போதாமைதான் காரணம் என்று எண்ணி இரவிலும் மெல்கிறீர்கள். எனக்கு உங்கள் காபியின் மேல்தான் சந்தேகம். சிகரெட் புகையில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள், கல்லீரல் காஃபினைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். இதைச் செய்வது புகை, நிக்கோடின் அல்ல. புகை நின்றதும் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. அதே அளவு காபிக்கு இரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. புகைத்த காலத்தில் குடித்த ஐந்து டம்ளர், இப்போது கிட்டத்தட்ட பத்து டம்ளரின் வேலையைச் செய்கிறது. அதன் மேல் படுக்கைக்கு முன் ஒரு நிக்கோடின் சூயிங்கம் வேறு. தூக்கம் எப்படி வரும்? காபியை இரண்டாகக் குறையுங்கள். பிற்பகலுக்குப் பின் வேண்டாம். குறைப்பில் முதலில் போக வேண்டியதும் இந்த இரவு சூயிங்கம்தான். இதையெல்லாம் செய்தும் படபடப்பு தொடர்ந்தால், ஈசிஜி, இரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். மனநோய்க்கான மாத்திரைகள் சாப்பிடும் வாசகர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை: குளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றின் அளவும் சிகரெட்டை விட்டதும் இதேபோல் இரத்தத்தில் ஏறக்கூடும். விடுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காபிக்கும் சூயிங்கத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. காபி, குளிர்பானம், எலுமிச்சைச் சாறு போன்றவை வாயில் அமிலத்தன்மையைக் கூட்டும். அப்போது நிக்கோடின் உட்தோல் வழியாக ஏறாமல் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். பலன் தெரியவில்லை என்று இன்னொன்றை எடுப்போம். மெல்லும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். சாதாரண சூயிங்கம்போல விடாமல் மெல்லக்கூடாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, மறுபடி ஒதுக்கல். அரை மணி நேரத்தில் துப்பிவிடலாம். இப்படி மென்று பாருங்கள். பத்து தேவைப்பட்ட இடத்தில் ஏழு போதும் என்று உங்களுக்கே தெரியும்.

குறைப்பது இப்படி

வழக்கமாக இந்தச் சிகிச்சைக்கு ஏறத்தாழ மூன்று மாதம்தான். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் அவசரம் வேண்டாம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், மெல்லும் நேரத்தையும் காரணத்தையும் மட்டும் குறித்து வையுங்கள். அதில் பாதி, பழக்கத்தால் கை தானாகச் சட்டைப்பையைத் தேடியவையாக இருக்கும். அவற்றை முதலில் நீக்குங்கள். வாரத்துக்கு ஒன்று வீதம் போதும். காலையில் எழுந்ததும் மெல்வதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெல்வதையும் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவைதான் கடினமானவை. ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். முழுவதும் நிறுத்தியபின் முதல் வாரம் சிரமம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும். கூடியிருந்த ஏற்பிகளும் சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றும்போது சர்க்கரையில்லாத சாதாரண சூயிங்கம், சோம்பு, ஏலக்காய் எதுவானாலும் சரி. பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் இறுகச் செய்யும் நோயையும் பாக்கு கொண்டுவருகிறது. சிகரெட்டை விட்டுவிட்டுப் பாக்குப் பொட்டலத்துக்கு மாறியவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பாதையில் கால்வைக்காதீர்கள்.

இத்தனை ஆண்டு சிகரெட்டுக்குப் பின் ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுவதும் நல்லது. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் தாமதிக்கக் கூடாது.

தந்தைக்கு ஏன் வேண்டாம்

காணொளியில் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை அல்ல, அதுதான் சிக்கல். புகைப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. 1951-ல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்விலும் இது தெரிந்தது. அதே ஆய்வுதான், தொடர்ந்து புகைப்பவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்பதையும் காட்டியது. காணொளிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று குறைவாக இருப்பதால், ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறது என்று ஆகிவிடாது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் டோபமின் குறையத் தொடங்கிவிடுகிறது. மோப்ப சக்தி மங்குவதும் மலச்சிக்கலும் அப்போதே வரும். உங்கள் தந்தையைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கலாம். அப்படி டோபமின் குறைந்த மூளைக்குச் சிகரெட் பெரிய இன்பம் தராததால், அவர்கள் எளிதாக விட்டுவிடுகிறார்கள் அல்லது பிடிப்பதே இல்லை என்பது ஒரு வலுவான விளக்கம். அதாவது, சிகரெட் நோயைத் துரத்தியதாக நாம் எண்ணும் இடத்தில், நோய்தான் சிகரெட்டைத் துரத்தியிருக்கலாம்.

ஊகத்தை விட்டு நேரடியாகவே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பார்க்கின்சனின் தொடக்க நிலையில் இருந்த 162 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் மற்றவர்களுக்கு வெறும் பட்டையும் ஓர் ஆண்டு ஒட்டினார்கள். முடிவு 2023-ல் வெளியானது: நோயின் வேகத்தை நிக்கோடின் குறைக்கவில்லை. உங்கள் தந்தையும் அதே தொடக்க நிலையில்தான் இருக்கிறார். அவருக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறில்லை. மறதியைப் பொறுத்தவரை, லேசான நினைவுக் குறைவு உள்ள, புகைக்காத 74 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் பட்டை ஒட்டியவர்களின் கவனம் சற்றுக் கூடியது. ஆனால் மருத்துவர்களின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அல்சைமர் நோயைப் புகைப்பழக்கம் தடுக்கிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். நீண்டகால ஆய்வுகள் வந்தபின், அது ஆபத்தைக் கூட்டுகிறது என்றே தெரிந்தது. பெருங்குடல் புண் அழற்சியில் மட்டும் நிக்கோடின் பட்டை சிலருக்குச் சற்று உதவியதாக 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் நோய் திரும்பாமல் காக்கவில்லை. நிக்கோடினின் நன்மைக் கணக்கு இவ்வளவுதான். சந்தேகமில்லாமல் நிலைத்து நின்றது ஒன்றே: சிகரெட்டை விட உதவுவது. அது உங்கள் தந்தைக்குத் தேவையில்லை. அவர் புகைத்ததே இல்லையே.

இழப்புப் பக்கம் அவருக்குக் கனமானது. ஸ்டென்ட் வைத்த இதயத்தில் துடிப்பையும் அழுத்தத்தையும் கூட்டிக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளைக் காரணமின்றி நுழைக்கக் கூடாது. பார்க்கின்சன் மாத்திரையே குமட்டலைத் தரக்கூடியது. நிக்கோடின் அதைப் பெருக்கும். விழுங்குவதில் தடுமாற்றம் வரக்கூடிய நோய் என்பதால் சூயிங்கம் தொண்டையில் சிக்கும் அபாயமும் உண்டு.

"அப்பாவின் உடம்புக்குப் புகையிலை புதிதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். புகையிலை ஆராய்ச்சிக்கென்றே வேடசந்தூரில் ஒரு நிலையம் இருக்கும் மாவட்டம் உங்களுடையது. பனி ஈரம் காயாத அதிகாலையில் இலை பறித்த நாட்களைப் பற்றி அவரிடம் கேளுங்கள். தலைசுற்றல், வாந்தி, குளிர் வியர்வை என்று கூலியாட்கள் வரப்பில் படுத்துக்கிடந்ததைச் சொல்லக்கூடும். ஈர இலையிலிருந்து நிக்கோடின் தோல் வழியாக ஏறுவதால் வரும் நஞ்சு அது. மருத்துவத்தில் அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். அன்று தாங்கிய உடம்பு இன்றும் தாங்கும் என்பதும் சரியல்ல. நிக்கோடினுக்கு ஏற்படும் பழக்கம் நின்றபின் விரைவில் போய்விடும். நாற்பது ஆண்டு கழித்து அது மிச்சமிருக்காது.

இயற்கை என்ற வாதத்துக்கும் அவரே விடை சொல்வார். புகையிலைச் செடி நிக்கோடினை வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. பூச்சி கடித்தாலோ நுனியைக் கிள்ளிவிட்டாலோ இன்னும் கூடுதலாக உண்டாக்குகிறது. தன்னைத் தின்ன வருவதைக் கொல்வதற்கான ஏற்பாடு அது. புகையிலைக் கழிவை ஊறவைத்துச் சோப்புக் கரைசல் கலந்து அசுவினிக்குத் தெளித்த கை எதுவும் இதை மறக்காது. கத்தரிக்காயில் நிக்கோடின் இருப்பதும் உண்மைதான்: ஒரு கிராமில் ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் சேர வேண்டுமானால் 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். அப்பாவுக்குக் கத்தரிக்காய்க் குழம்பைத் தாராளமாகக் கொடுங்கள்.

அவருக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைத்தால் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, உடற்பயிற்சி: வேக நடையும், கை வீசி எட்டு வைக்கும் பயிற்சியும், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலும். மற்றது மாத்திரை நேரம். அவர் சாப்பிடுவது லெவோடோபாவாக இருந்தால், பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்த்து விழுங்கும்போது அது குடலில் சரியாக ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையும் அதற்கு இடையூறு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிப் பாருங்கள்.

மகனைப் பற்றி

வெளியில் கிடைப்பதைவிட வீட்டில் கொடுப்பது மேல் என்ற உங்கள் எண்ணம் பாசத்தில் பிறந்தது. ஆனால் அது ஆபத்தானது. மூளையின் முன்பகுதி, அதாவது ஆசையை அடக்கவும் திட்டமிடவும் உதவும் பகுதி, இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. அதற்கு முன் நிக்கோடின் நுழைந்தால் பெரியவர்களைவிட வேகமாக அடிமைத்தனம் ஏற்படுகிறது. தினமும் பயன்படுத்தாத நிலையிலேயே ஏக்கம் தொடங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. உங்களையே பாருங்கள், கல்லூரி நாட்களில் பிடித்தது இன்னும் உங்களை விடவில்லை. தேர்வறையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய பையனுக்கு, இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் கரையும் ஒரு பொருளின் தேவையை நாமே உண்டாக்கிக் கொடுப்பதா?

நீங்கள் மெல்வது நல்ல கவனத்துக்கான மாத்திரை என்றுதான் அவன் இத்தனை நாள் கேட்டு வளர்ந்திருக்கிறான். உண்மையைச் சொல்லுங்கள். "நான் சிகரெட்டுக்கு அடிமையாக இருந்தேன். அதிலிருந்து வெளியே வர இதைப் பிடித்தேன். இப்போது இதிலிருந்தும் வெளியே வருகிறேன்" என்று அப்பா வாயால் கேட்பதைவிட வலுவான பாடம் அவனுக்கு வேறு கிடைக்காது. அட்டையை அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வீட்டுக்குக் கைக்குழந்தைகள் வந்து போவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒன்றிரண்டு சூயிங்கம்கூடச் சிறு குழந்தைக்கு வாந்தியும் வியர்வையும் நடுக்கமும் வரவைக்கலாம், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்கும் விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவில், குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. உங்கள் சூயிங்கம் புகையிலைப் பொருள் அல்ல, மருந்து. ஆனால் மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாத மருந்து. மின்சிகரெட்டை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. திருட்டுத்தனமாக விற்கப்படும் அதற்குள் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

'வகுப்பில் சில பையன்கள்' என்று அவன் சொன்னதை நான் இரண்டு முறை படித்தேன். உதட்டுக்குள் வைக்கும் அந்தச் சிறு பொதியில் இருப்பது புகையிலை. நிக்கோடினோடு, புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமின்களும் ஈறில் ஊறிக்கொண்டிருக்கும். மிட்டாய் வாசனையும் குளுமையும் அதை மறைக்கின்றன. அவனும் முயன்று பார்த்திருக்கலாம். அடிக்காமல், பையைச் சோதிக்காமல், கத்தாமல், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கீழ் உதட்டின் உட்புறத்தை ஒரு முறை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தொடர்ந்து வைப்பவர்களுக்கு அங்கே ஈறை ஒட்டி வெளுத்துச் சுருங்கிய திட்டு தெரியும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கூடவே வழக்கத்துக்கு மாறான சிடுசிடுப்பு, கைச்செலவுக் காசு போகும் இடம் தெரியாமல் போவது, அடிக்கடி புதினா வாசனை ஆகியவற்றையும் கவனியுங்கள். இருந்தால் நீங்கள் கோபப்படுவதில் பயனில்லை. அவனுக்குத் தேவை சிகிச்சை. பள்ளித் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள், பையன்களைக் காட்டிக்கொடுக்க அல்ல, எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று தெரிந்து தடுக்க.

கவனத்துக்கு அவனுக்கு வேண்டியது தூக்கம். இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு ஐந்து மணிக்கு எழுப்பும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதை மாற்றுங்கள். படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். தேர்வு மாதத்தில் ஏழெட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள். காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்து அனுப்புங்கள்.

அவன் ஏற்கெனவே பழகியிருந்தால், இந்த வயதில் முதல் சிகிச்சை பேச்சுவழி ஆலோசனைதான். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் மையம் இயங்கிவருகிறது. உங்களுக்கு அருகில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். போக்குவரத்துக்கு வழியில்லாவிட்டால் புகையிலையைக் கைவிடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உங்கள் சூயிங்கம் குறைப்புக்கும் அதே எண்ணில் உதவி கேட்கலாம். முதல் அழைப்பை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள்.